வூட்டுக்கு ஒரு ஆள்

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிப்போட்டு ரோட்டை மறிக்க வீட்டுக்கு ஒரு ஆள் கோடாலி பிடிக்க வேண்டும் என்று எலவனாசூர்கோட்டையில் முடிவானது. அப்பா செத்துப்போன வீட்டில் ஆம்பளை என்றால் பகலவன் ஒருத்தன்தான். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் லேப் தேர்வு. தவறினால் ஒரு வருஷம் வீண்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் தாய்மாமன் தங்கதுரை அவனை நிறுத்தினார். "எங்கடா பையத் தூக்கிக்கினு?"

"பரீட்சை மாமா. பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு, விழுப்புரம் வரைக்கும் நடந்துடறேன். அங்க ரயிலு ஓடுதாம்."

"நீ போய்த் தட்டலன்னா அந்தக் கம்ப்யூட்டரு பொட்டி ஓடிப்போயிடுமா? உனக்கப்பறம் நாலு பசங்க அங்க போவணும்னுதான்டா இதெல்லாம்."

மாமா சொன்னது பொய்யில்லை. அவன் வகுப்பில் இந்தப் பக்கத்து ஆள் வேறு யாரும் கிடையாது. பையைக் கீழே வைத்துவிட்டு மாமா கையிலிருந்த கோடாலிக்குக் கை நீட்டினான்.

பின்னாலேயே வந்த அம்மா தைலம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கரியாலூர் மலையில் கூலிக்கு மரம் வெட்டியே அவனைப் படிக்க வைத்தவள்.

"வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே சொன்னீங்க? நான் ஆளில்லியா?"

"பொம்பளைய எப்டிக்கா சேக்கறது?"

"வெட்டறத பாத்துட்டு சொல்லு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கினாள். முதல் வெட்டிலேயே கோடாலி ஆழமாக இறங்கியது. தங்கதுரை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகனிடம் திரும்பினார்.

"இன்னாடா நிக்கற? மரம் சாயறதுக்குள்ள ரோட்டத் தாண்டு."