கலையரசியின் டிரைவும் பெரிய மாமாவின் சாவியும்

திண்டிவனத்தில் கலையரசி நடத்திவந்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் லேப்டாப் உயிரை விட்டது சரியாகக் கல்யாண சீசனில். இந்தச் சாமான்களுக்கு முகூர்த்தம் பார்க்க நன்றாகவே தெரியும். கரண்ட் ஏறி இறங்கியதில் போர்டு கருகிவிட்டது.

மெக்கானிக் கோபி உள்ளேயிருந்த டிரைவைக் கழற்றி, அவள் வாங்கி வைத்திருந்த பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினான்.

"டிரைவ் நல்லாத்தான் கீதுக்கா. ஆனா பூட்டிக்கினு சாவி நம்பர் கேக்குது. லேப்டாப்பை மொதல்ல யாரு மெயில் போட்டுத் தொறந்தாங்களோ, அவங்க மெயில்லதான் அந்த நம்பர் இருக்கும்."

கலையரசி தானே வரைந்து வருஷக்கணக்காகச் சேர்த்த டிசைன் அத்தனையும் அதற்குள் இருந்தது. அது போனால் மறுபடியும் யார் கடையிலாவது சம்பளத்துக்குத் தைக்க வேண்டியதுதான். மெயிலோ பெரிய மாமாவுடையது.

பெரிய மாமா என்பது அவள் கணவனின் அண்ணன் விருத்தாசலம். விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். அலுவலகம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது, அவர் பெறவில்லை. குடும்பத்தில் கேஸ், சிம், கேபிள், லேப்டாப், எது வந்தாலும் அவர் பெயரில்தான் வரும். தனிக்குடித்தனம் போகிறோம் என்று கலையரசி சொன்னபோது, "என் பேர் இல்லாம எப்படிக் குடும்பம் நடத்துறீங்கன்னு பாக்கறேன்" என்றார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

விழுப்புரம் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றார். சொன்னாள்.

"இது கான்ஃபிடென்ஷியல் மேட்டர்மா. சும்மா வாயால சொல்லிட முடியாது."

"எழுதியாவது குடுங்க மாமா. வளவனூர் கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் குடுக்கணும், ஒரே பேஜாரா கீது. அக்கா இல்லீங்களா?"

"பெங்களூர்ல பையன் வூட்டுல. பேரனைப் பாத்துக்கினு அங்கியே இருக்கா."

தம் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவர் மெயிலில் திறந்த மெஷின்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன.

"இது தங்கச்சியோடது. தூக்கிப் போட்டுட்டாளாம். இது பையனோடது. இதான் உன்னுது."

எல்லா மெஷினும் அவர் பெயரில். அவர் வீட்டு மேஜையில் இருந்ததோ ஒற்றை டம்ளரும் பாதி தின்ற பன் பாக்கெட்டும். பஸ் நெடுக அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்த கலையரசிக்கு, மேற்கொண்டு திட்ட வரவில்லை.

"நீங்களே கடைக்கு வந்து போட்டுக் குடுங்களேன் மாமா."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கீது" என்றவர் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

கடையில், குறித்துக்கொண்டு வந்த சீட்டைப் பார்த்து, ஃபைலில் கையெழுத்துப் போடும் தோரணையில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். பூட்டு திறந்தது. மயில், மாங்காய், அன்னம் என்று திரை நிறைய வந்து விழுந்தன. கலையரசி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"இந்தக் கம்ப்யூட்டரையும் என் மெயில்லயே போட்டுடலாம். அதான் சேஃப்டி" என்று கீபோர்டை இழுத்தார் விருத்தாசலம்.

அவள் அதன்மேல் கையை வைத்தாள். "வேணாம் மாமா. இது என் பேர்ல இருக்கட்டும்."

கோபி தரையில் விழாத ஸ்குரூவைத் தேடினான். விருத்தாசலம் தம் விரல்களை ஒரு முறை பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். எழுந்துபோய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. போவதற்கும் ஓர் இடம் வேண்டுமே.

தன் பெயரைத் தட்டி முடித்தவள் திரும்பினாள். "பாஸ்வேர்டு மறந்துட்டா கூப்புட ஒரு போன் நம்பர் கேக்குது. உங்க நம்பரைப் போடட்டுங்களா?"

அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஆலோசித்தார். "போடு. ஆனா ஒரு கோட் நம்பர் வரும். அது காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும், தெரியுதா?"

"சரிங்க மாமா."

அவர் போன் சிணுங்கியது. விருத்தாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, எதிர்வரிசை டீக்கடை வரை கேட்கும்படி, அந்த ரகசிய எண்ணை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.