கை தூக்காதவள்

காலை ஏழு மணிக்கு இரவு முறைத் தாதியர் வார்டை ஒப்படைத்தார்கள். அது முடிந்ததும் வார்டு சிஸ்டர் அன்று புதிதாக வந்த மாணவிகளை வரிசையில் நிறுத்தினார். சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தமிழ் தெரிந்தவர் யார்?

சுதர்ஷினி கையைத் தூக்கினாள். தாதியர் பள்ளியில் அவள் முதலாம் வருடம். வார்டைப் பார்ப்பதே அன்றுதான். தூக்கிய கையோடு திரும்பி டெல்சியைப் பார்த்தாள். டெல்சி மூன்றாம் வருடம். அவள் பக்கத்துக் கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நல்லவேளை. ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம்" என்றார் சிஸ்டர்.

டெல்சியின் சட்டையில் குத்தியிருந்த பெயரை அவர் வாசித்தார். டெல்சி லியனார்ட். "நீர்கொழும்பா?" என்று கேட்டார். கடலோரச் சிங்களக் கத்தோலிக்கர்களுக்கு அப்படிப் பெயர் இருக்கும். டெல்சி சிரித்தாள். அதுவே பதிலாகிவிட்டது. அவளுக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வரும். ஆனால் அவள் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா லியனார்ட் இன்னும் அந்த மலையில்தான் தேயிலைக்கு மருந்தடிக்கிறார்.

இதற்கு முன் பயிற்சிக்குப் போன வேறோர் ஆஸ்பத்திரியில் அவளும் கை தூக்கியிருந்தாள். முதலில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டுச் சொல்லும் வேலை. பிறகு சாவு சொல்லும் வேலை. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. உள்ளே ஒரு தோட்டத்து ஆள் இறந்தால், வெளியே காத்திருப்பவர்களிடம் டெல்சியை அனுப்பினார்கள். நாளடைவில் மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத் தேடி ஆள் வந்தது. கூடப் படித்தவர்கள் ஊசி ஏற்றப் பழகிய நேரத்தில் அவள் வாசல்களில் நின்றாள். செய்முறைச் சோதனையில் டியூட்டர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் கை மெதுவாக இருக்கிறது" என்றார். கடைசிச் சோதனை இந்த வார்டில். இதில் தவறினால் மற்றவர்கள் நியமனம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் தங்கிவிடுவாள்.

இன்று கை தூக்காததற்கு அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. கடைசியாக அவள் திம்புள்ளப் பக்கத்துத் தாய் ஒருத்தியிடம் பிள்ளை போய்விட்டதைச் சொன்னாள். அந்தப் பெண் தரையில் விழுந்து உருண்டாள். டெல்சி தூக்கி உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு கன்டீனுக்குப் போய் ஒரு மீன் பணிஸ் வாங்கினாள். பணிஸ் சூடாக, நன்றாக இருந்தது. இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தத் தாயின் ஞாபகமே வந்தது.

முந்திய நாள் விடுதியில் சுதர்ஷினிக்கு அவள் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"சப்பாத்து அர சைஸ் பெருசா வாங்கு. மத்தியானத்துக்குள்ள காலு வீங்கிரும்."

"இப்பவே எங்கண்ணன் சப்பாத்த மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குக்கா."

"ரவுண்டுக்கு முன்ன சாப்ட்ரு. மயங்கி வுழுந்தேன்னா டொக்டரு நோயாளிய வுட்டுட்டு ஒன்னையப் பாக்கணும்."

"பாக்கட்டுமே. வயசு டொக்டரா?"

"வெளையாடாத. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி தலையாட்டாத. செஞ்ச ஒடனே எழுதிரு. நம்ம ஆளுங்ககிட்ட வலிக்குதான்னு மட்டும் கேட்டுட்டு வந்துறாத. இல்லைங்கன்னுதான் சொல்லுவாங்க. ஒரு நாள் பேரு போனா சம்பளம் போயிருமேன்னு வலியோடயே கொழுந்தெடுத்துட்டு வர்றவங்க. மூஞ்சியப் பாரு, காலப் பாரு."

சுதர்ஷினி எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணி ஒருமுறை திருப்பிச் சொன்னாள். கை தூக்காதே என்பதை மட்டும் டெல்சி சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. யாராவது ஒருத்தி தூக்கினால்தான் மற்றவளை விட்டுவிடுவார்கள்.

எட்டு மணிக்கு முன்னால் வார்டு வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். கையில் ஃபிளாஸ்க். பெயர் பொன்னையா. அவருடைய மனைவி அம்மாக்கண்ணு கதவையொட்டிய கட்டிலில் கிடந்தார். மூன்று நாள் நெஞ்சுவலியோடு மலைக்குப் போயிருந்த மனுசியை அன்று விடியற்காலையில்தான் கொண்டுவந்திருந்தார்கள். மாரடைப்பு. முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்.

வாசலுக்கு மிக அருகில் நின்றவள் டெல்சி.

"மிஸ்ஸி," என்றார் பொன்னையா. அடுத்த சொல்லைத் தேடினார். "மகே பவுல… தனியம… பயய்."

என் மனைவி தனியாக இருந்தால் பயப்படுவாள் என்கிறார். அவருடைய சிங்களத்தில் பாதி கையசைப்பு. உள்ளே காட்டினார், நெஞ்சைக் காட்டினார், கட்டில் பக்கத்தில் கொஞ்சம் நிற்கட்டுமா என்பதை இரண்டு விரலைத் தரையை நோக்கி நிறுத்திக் காட்டினார். நெற்றி வியர்த்துவிட்டது. டெல்சிக்கு முதல் சொல்லிலேயே விளங்கியது. பன்னிரண்டு மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள், கீழே படிக்கட்டில் இருங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

"ஹரி மிஸ்ஸி, ஹரி" என்று அவர் தலையாட்டினார். அவருக்கு விளங்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் படிக்கட்டைக் கையால் காட்டினாள். அவர் போனார்.

உள்ளே சுதர்ஷினி கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருந்தாள். நோயாளிகள் அவளை விடவில்லை. எந்தத் தோட்டம், யார் வீட்டுப் புள்ள, கல்யாணம் ஆயிருச்சா என்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். அம்மாக்கண்ணு மாஸ்கைத் தூக்கி அவளிடம் ஏதோ சொன்னார். டெல்சி அதே கட்டிலின் மறுபக்கம் ஊசி ஏற்றுவதற்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"வெளிய ஒரு ஆளு நிப்பாரு புள்ள. சிங்களம் ஒழுங்காப் பேசத் தெரியாது. வெரட்டிறாதீங்க."

"மாஸ்க போடுங்கம்மா. யாரும் வெரட்ட மாட்டாங்க" என்றாள் சுதர்ஷினி.

டெல்சிக்கு நரம்பு கிடைத்தது. ஊசி ஒரே தடவையில் ஏறியது.

தேநீர் இடைவேளையில் சுதர்ஷினி கேட்டாள். "ஏன்க்கா நீங்க கை தூக்கல?"

"தூக்குனா வேல பழக முடியாது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"டீ ஆறுது. குடி."

"கள்ளிக்கா நீங்க" என்று சிரித்துக்கொண்டே சுதர்ஷினி குடித்தாள். இன்னும் கேட்டுச் சொல்லும் வேலை மட்டும்தான் வந்திருந்தது அவளுக்கு.

பதினொரு மணி ஆவதற்குள் அம்மாக்கண்ணுவின் இதயம் நின்றது. திரையை இழுத்தார்கள். டொக்டர் நெஞ்சை அழுத்தினார், அவர் களைத்ததும் டெல்சி அழுத்தினாள். ஆழம் சரியாக இருந்தது, வேகம் சரியாக இருந்தது. டொக்டர் அதைச் சொல்லவும் செய்தார். அவள் அதை மனதில் குறித்துக்கொண்டாள். மாறி மாறி அழுத்தினார்கள். பிறகு டொக்டர் நேரத்தைப் பார்த்துச் சொன்னார், எல்லோரும் கையை எடுத்தார்கள்.

சிஸ்டர் சுதர்ஷினியைக் கூப்பிட்டார். வெளியே இருக்கும் கணவரிடம் சொல், டொக்டர் உன்னோடு வருவார், அவருக்குத் தமிழ் தெரியாது என்றார். சுதர்ஷினியின் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதே முகத்தோடு டெல்சியைப் பார்த்தாள். டெல்சி குனிந்து இறந்தவரின் கையிலிருந்து ஊசியைக் கழற்றினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். கன்றிய விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. அவளுடைய அம்மாவின் விரல்களும் அப்படித்தான். அது ஒன்றும் செய்யவில்லை அவளை.

கதவு திறந்துதான் இருந்தது. படிக்கட்டில் பேசுவது கேட்டது.

"ஐயா… அம்மாவுக்கு… கொஞ்சம் சீரியஸா ஆயிருச்சுங்க."

"அப்புடிங்களா? கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்னாலும் அனுப்புங்க மிஸ்ஸி. மகன் தலவாக்கலையிலதான் இருக்கான், வேன் வச்சிருக்கான். கூப்டவா?"

"இல்லைங்கய்யா… வந்து…"

"ஒரு நிமிசம் இருங்க. போன் போகுது. டேய் ஜெயகாந்தா, கேக்குதா? அம்மாவ கண்டிக்கு ஏத்தணும்ங்கிறாங்க. டீசல் போட்டுக்கிட்டு வாடா."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செய்தி சொல்லியாகிவிட்டது என்று நினைத்து, பொன்னையாவின் தோளில் கை வைத்தார். பொன்னையா நன்றியோடு கும்பிட்டார்.

டெல்சி கையுறையைக் கழற்றினாள். கையைக் கழுவினாள், விரல் இடுக்கு வரை கழுவினாள், துடைத்தாள். இந்தக் கதவைத் தாண்டினால் இனி எல்லாக் கதவுக்கும் கூப்பிடுவார்கள். அது தெரிந்தே நடந்தாள். இரக்கம் வந்ததா என்று பார்த்தாள். வரவில்லை. சுதர்ஷினியால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஐயா, போன வைங்க. இப்புடி உக்காருங்க."

பொன்னையா உட்கார்ந்தார். அவளும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா இறந்துட்டாங்க ஐயா. இப்பதான். மாரடைப்பு. எங்களால ஆனதச் செஞ்சு பாத்தோம். உயிர் திரும்பல."

சுதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். வாசலில் வந்து நின்ற சிஸ்டர், ஒரு கணம் டெல்சியின் பெயரை மறுபடி வாசிப்பதுபோல் பார்த்தார். உள்ளே போனார்.

பொன்னையா அழவில்லை. ஃபிளாஸ்கைக் கீழே வைத்தார். அது சாய்ந்ததும் எடுத்து நேராக வைத்தார். பிறகு டெல்சியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம புள்ளையா நீங்க?" என்றார். "அப்ப காலையில எதுக்குத் தாயி என்னைய அந்தச் சிங்களத்துல அல்லாட வுட்டீங்க?"