பாக்கிங் அறையில் இருமல் இல்லை

காலை ஐந்தே முக்காலுக்கு நான்காம் அறையின் கதவு திறந்ததும் ஈரமான வெக்கை முகத்தில் வந்து அப்பியது. வெளியே பெப்ரவரிக் குளிர் காது மடலை அறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே யன்னல் கிடையாது. அலுமினியப் படுக்கைகள் ஆறு தட்டுகளாகக் கூரைவரை நின்றன. ஒவ்வொரு தட்டிலும் கரிய மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளைக் காளான்கள் முண்டியடித்தன.

கமலாம்பிகை நெற்றி விளக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சில்லு வைத்த ஏணிமேடையில் ஏறினாள். இடதுகை காளானைத் திருகிக் கிளப்பும். வலதுகையிலுள்ள குட்டைக் கத்தி அடித்தண்டை அரிந்து விழுத்தும். குடையில் நகம் பட்டால் சற்று நேரத்தில் அந்த இடம் தவிட்டு நிறமாகிவிடும். பிறகு மேற்பார்வை செய்கிற இராஜரட்ணம் அந்தக் கூடையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக் கத்துவார். முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கவேண்டும். நெருப்பிலிருந்து எடுப்பதுபோல அவசரமாக எடுக்கவேண்டும். பத்து மாதமாக அவள் கைகள் இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தன. மணிக்கட்டுகள் வீங்கிப்போயிருந்தன.

கீழ்த்தட்டில் பேர்ணடெற் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். மன்னாரில் பதினொரு வருடம் உயிரியல் படிப்பித்தவள். அவளுடைய சான்றிதழ்களை இந்த நாட்டில் யாரும் விரித்துப் பார்க்கவில்லை. இங்கே வேலை செய்த தமிழர் மட்டும் அவளை "ரீச்சர்" என்றே கூப்பிட்டார்கள்.

பண்ணை அஜக்ஸ் என்ற ஊருக்கு வடக்கே இருந்தது. நகரத்து வோபர்ன் பகுதியிலிருந்து பதினைந்து பேரை இராஜரட்ணத்தின் வான் தினமும் விடியுமுன் அள்ளிக்கொண்டு வரும். வியட்நாம்காரர் பன்னிரண்டு பேர் வேறொரு வானில் வருவார்கள். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்றிருந்த சட்டத்தை மாகாண அரசு சில மாதங்களுக்கு முன்புதான் இல்லாமல் செய்திருந்தது. பூட்டிய கட்டிடம், மின்விளக்கு, இயந்திரம். ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டம்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்களில் பழைய அறைகளை வெறுமையாக்கிப் புது உரம் நிரப்புவார்கள். வைக்கோலும் குதிரைச் சாணமும் கோழி எச்சமும் கலந்து ஆவியில் அவித்த உரம். இயந்திரம் அதை உதறும்போது நடைபாதை முழுக்க வெண்புழுதி புகையாக எழும்பும். குளிர் உள்ளே வந்துவிடும் என்று காற்றாடிகளைப் பாதியில் அடைத்து வைத்திருந்தார்கள். பிடுங்குகிறவர்களில் பலர் இருமிக்கொண்டிருந்தார்கள்; திறக்கச் சொல்லிக் கேட்டும் பயனில்லை.

ஒன்பது மணியிருக்கும். எதிர்வரிசையில் ஆறாம் தட்டில் நின்ற மரியம்மாவுக்கு இருமல் பிடித்தது. ஐம்பத்திரண்டு வயது மனுசி. இருமிய இருமலில் உடம்பு இரண்டாக மடிந்தது. பிடித்திருந்த கம்பியைக் கை விட்டது. கூடைதான் முதலில் விழுந்தது. பிறகு அவள் விழுந்தாள். சீமெந்துத் தரையில் இடுப்பெலும்பு மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

இராஜரட்ணம் ஓடிவந்தார். அம்புலன்ஸ் கூப்பிடவில்லை. நாலு பேராகத் தூக்கி வானில் கிடத்தினார்கள்.

"அக்கா, ஆசுப்பத்திரியில கேட்டால் வீட்டுப் படியில விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ. வேலையெண்டு சொன்னால் எல்லாருக்கும் கரைச்சல். விளங்குதோ?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மரியம்மாவுக்கு ஓம் என்று தலையாட்டத்தான் முடிந்தது. ஆசுப்பத்திரிக் கடதாசியில் வீட்டுப் படி என்றே பதிந்தார்கள். அவளுடைய வீடு நிலத்துக்கடி அறை. அதற்குப் படிகள் இருக்கத்தான் செய்தன.

அடுத்தநாள் சாப்பாட்டறைச் சுவரில் வண்ணப்படம் ஒன்று தொங்கியது. பால், பழம், இறைச்சி, பாண். முதலாளி வெண்டல் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஒருநாளும் சத்தம் போடுவதில்லை.

"உங்கள் சுகம் எனக்கு முக்கியம். நீங்கள் சோறும் மிளகாயும்தான் சாப்பிடுகிறீர்கள். புரதம் போதாது. அதனால்தான் நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, இருமல் வருகிறது. உணவை மாற்றிப் பாருங்கள்."

இராஜரட்ணம் அதைத் தமிழில் சொல்லி, தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டார். "விடியக் காலமை பழஞ்சோறு திண்டுபோட்டு வந்தால் சளி கட்டாமல் என்ன செய்யும்?"

அவர்கள் போனபிறகு மேசையில் வாதம் கிளம்பியது. குளிர்தான் காரணம் என்றாள் ஒருத்தி. இல்லை, பொஸ் சொல்லுறதும் சரிதான், இங்கத்தைய டொக்டரும் பால் குடிக்கச் சொன்னவர் என்றாள் இன்னொருத்தி. கமலாம்பிகை தன் சோற்றுப் பெட்டியை மூடினாள். பிறந்ததிலிருந்து சைவம். பருப்பும் கீரையும் தின்று வளர்ந்த தன் நெஞ்சைப் பற்றி அவளுக்கே இப்போது ஐமிச்சம் வந்துவிட்டது.

பேர்ணடெற் மேசையின் மறுமுனையைப் பார்த்தாள். அங்கே பாக்கிங் அறையில் வேலை செய்கிற நிரோஷினியும் இன்னும் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிரோஷினி, நீர் காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பழஞ்சோறும் சம்பலும், ரீச்சர்."

"இருமல் இருக்கோ?"

"இல்லையே."

"உங்கள் நாலு பேரில ஆருக்கும்?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் இல்லை.

"அதே சோறு, அதே மிளகாய். பாக்கிங்கில இருமல் இல்லை. பிடுங்கிறவைக்குத்தான் இருக்கு. அப்ப சாப்பாட்டில என்ன பிழை?" என்றாள் பேர்ணடெற். 

அன்று தொடங்கி அவள் எழுதினாள். தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் கொப்பி. யார் எந்த அறையில் நின்றது, என்ன சாப்பிட்டது, எப்போது காய்ச்சல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது. சிலர் பயந்து பதில் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள்.

"ரீச்சர், இருமலை எண்ணி என்ன கிடைக்கப்போகுது?" என்று கமலாம்பிகை கேட்டாள்.

"தெரியாது அக்கா. ஆனா, எண்ணாட்டி அவை சொல்லுறதுதான் உண்மையெண்டு ஆயிடும்."

லான் என்ற வியட்நாம்காரி தங்கள் வானில் வருகிறவர்களின் விபரங்களைக் கைச்சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னாள். அவர்கள் காலையில் சோறு சாப்பிடுவதில்லை, நூடில்ஸ் சூப்தான் குடித்தார்கள். அவர்களிலும் படுக்கைகளில் பிடுங்கியவர்களுக்கு இருமல் இருந்தது. ஒன்பது கிழமை முடிந்தபோது தாள்கள் ஒரே கதையைச் சொல்லின. செவ்வாய் உரம் நிரப்பினால் செவ்வாய் பின்னேரம் காய்ச்சல். ஞாயிறு இருமல் தணியும். திங்கள் திரும்பவும் தொடங்கும்.

ஏப்ரல் மாதம் வெண்டல் கமலாம்பிகையையும் பேர்ணடெற்றையும் கூப்பிட்டார். வெக்ஸ்போர்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் கூட்டமாம். நாளைக்கு உலகம் எதைச் சாப்பிடுவது என்பதுதான் தலைப்பு. அவரும் பேசுகிறார். வருகிறவர்களுக்கு இருவரும் சேலை உடுத்திக்கொண்டு காளான் சூப் பரிமாறவேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் நாலு பேர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண்மணி வரைபடங்களைக் காட்டினார். மாட்டுக்குப் போடுகிற தானியம் எத்தனை மனிதரின் பசி தீர்க்கும், மாட்டின் ஏப்பத்தில் வருகிற வாயு பூமியை எப்படிச் சூடாக்குகிறது என்றெல்லாம் விளக்கினார். பால்பண்ணைக்காரர் ஒருவர் கோபமாக எழும்பினார். தன் நிலம் கல்லு நிலம், புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது, மாட்டை விற்றால் அங்கே வீடு கட்டிவிடுவார்கள், அப்போது பூமி குளிருமா என்று கேட்டார். உணவு ஆலோசகர் ஒருத்தி, ஏழைப் பிள்ளைகளின் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்துபோன கணக்கைச் சொன்னாள். பேர்ணடெற் காதோடு காதாக மொழிபெயர்த்தாள். சூப் கரண்டியோடு நின்ற கமலாம்பிகைக்கு எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது.

கடைசியாக வெண்டல் எழுந்தார். "காளானுக்குக் காடு வெட்டவேண்டாம். வெயில்கூட வேண்டாம். மற்றவர்கள் கழித்த சாணத்திலும் வைக்கோலிலும் வளர்கிறது. மனச்சாட்சியுள்ள உணவு இது. இதற்காக ஒரு உயிரும் துன்பப்படவில்லை."

மண்டபம் கைதட்டியது. பேர்ணடெற் கடைசி வரியையும் மொழிபெயர்த்தாள்.

கமலாம்பிகை கரண்டியைப் பானைக்குள் போட்டாள். முன்னால் நடந்தாள். மேடைக்குக் கீழே நின்று தமிழிலேயே பேசினாள். பேர்ணடெற் ஓடிவந்து பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் சைவம். மச்சம் தொட்டதில்லை. ஒரு உயிரையும் வதைக்காமல் சாப்பிடுறன் எண்டு பெருமையா இருந்தனான். இந்த ஐயாவின்ர பண்ணையில காளான் பிடுங்கிறன். அங்க மரியம்மா எண்டு ஒரு மனுசி இருமி இருமி மேல் தட்டிலயிருந்து விழுந்தவ. இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சுது. வீட்டில விழுந்ததெண்டு சொல்ல வைச்சவை. நீங்கள் மாட்டின்ர மூச்சை அளந்து படம் கீறியிருக்கிறியள். நல்லது. எங்கட மூச்சை ஆர் அளந்தது?"

பல்கலைக்கழகப் பெண்மணி முன்னால் சாய்ந்தார். "உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?"

பேர்ணடெற் நாட்காட்டித் தாள்களைப் பையிலிருந்து எடுத்தாள்.  வகுப்பறையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். "இருபத்தாறு பேர். ஒன்பது கிழமை. பாக்கிங் அறையில் நால்வர், அவர்களும் எங்களைப்போலவே சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை. பிடுங்குகிற இருபத்திரண்டு பேரில் பதினேழு பேருக்கு இருக்கிறது."

அந்தப் பெண்மணி தாள்களைப் புரட்டினார். "எண்ணிக்கை சிறியது. ஒன்றையும் நிரூபிக்க இது போதாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனால் ஒப்பீடு சரியானது. கட்டாயம் விசாரிக்கவேண்டும்" என்றார். கூட்டத்தை நடத்தியவர் நேரம் முடிந்துவிட்டது என்று மணியடித்தார். சூப் வாங்க வரிசையில் நின்றவர்களில் சிலர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் குடித்தார்கள்.

வாகனத் தரிப்பிடத்தில் வெண்டல் காத்திருந்தார்.

"ஏதாவது குறை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒரு குடும்பம்."

"மூன்று முறை சொன்னோம். காற்றாடியைத் திறக்கச் சொன்னோம், முகமூடி கேட்டோம். நீங்கள் பால் குடிக்கச் சொன்னீர்கள்" என்றாள் பேர்ணடெற்.

"காற்றாடியைத் திறந்தால் வெப்பம் போய்விடும். அதற்கு எரிபொருள் வேண்டும். பூமியைப் பற்றியும் யோசிக்கவேண்டும் அல்லவா?"

கமலாம்பிகைக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கியது. "பூமிக்கு மேலதானே நாங்களும் நிக்கிறம்" என்று தமிழில் சொன்னாள். பேர்ணடெற் அதை மொழிபெயர்க்கவில்லை. வெண்டல் கார்க் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை விடிகாலை, வோபர்னில் கடைத்தொகுதிக்கு முன்னால் வான் நின்றது. உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இவர்கள் இருவரும் கிட்ட வந்தபோது இராஜரட்ணம் கதவில் கையைக் குறுக்கே போட்டார். அவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"உங்கள் ரெண்டு பேரையும் ஏத்த வேண்டாமெண்டு பொஸ் சொல்லிப்போட்டார். நான் என்ன செய்யிறது? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

வான் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை.  ஒன்பது கிழமையாக எல்லோருடைய இருமலையும் தங்கள் இருமலாக எண்ணியதற்கு இதுதானா என்று கமலாம்பிகை நினைத்தாள். திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

அப்போது பின் இருக்கையிலிருந்து நிரோஷினி எழுந்தாள். இராஜரட்ணத்தின் கையை விலக்கிவிட்டு இறங்கினாள்.

"உமக்கு இருமலே இல்லையே, பிள்ளை. நீர் ஏன் இறங்கிறீர்?" என்றார் அவர்.

"இல்லைத்தான் அண்ணை. இல்லாததாலதான் ரீச்சரின்ர கணக்குச் சரிவந்தது. நானும் அந்தத் தாளில இருக்கிறன்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு இருவர். ஒவ்வொருவராகப் படியில் கால் வைத்தார்கள். மூன்று பேர் இறங்கவில்லை. அவர்களில் யோசப் யன்னலுக்கால் எட்டிப் பார்த்து, "மனுசியை இஞ்ச கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் நடக்குது ரீச்சர், வேலைக் கடிதம் வேணும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒருவரும் அவனை ஏசவில்லை.

இராஜரட்ணம் கெஞ்சத் தொடங்கினார். "நாலாம் அறை முழுக்க இண்டைக்குப் பிடுங்கவேணும். விளையாடாதேங்கோ."

"தெரியும்" என்றாள் கமலாம்பிகை. "நாளைக்குக் குடை விரிஞ்சிடும். விரிஞ்சதை ஒருத்தனும் வாங்கான். பொஸ்ஸிட்டச் சொல்லுங்கோ. காற்றாடி திறக்கவேணும். முகமூடி தரவேணும். மரியம்மாக்கா வேலையிலதான் விழுந்தவ எண்டு எழுதிக் குடுக்கவேணும். அதுக்குப் பிறகு வந்து பிடுங்கிறம்."

வான் மூன்று பேரோடு போனது. பதினொரு பேர் பூட்டிய கடைகளுக்கு முன்னால் நின்றார்கள். இனி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கம் இல்லை. வாடகை நாள் வருகிறது. ஒருத்தி மெல்ல விசும்பினாள். இன்னொருத்தி அவளுடைய தோளில் கை போட்டாள்.

பேர்ணடெற் மூலையிலிருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு லானின் வீட்டுக்கு எடுத்தாள். மகள் பேசினாள். நடந்ததைப் பேர்ணடெற் சொல்ல, அவள் அதைத் தாய்க்கு வியட்நாமியில் சொல்வது கேட்டது. 

"அம்மாவின் வான் வாசலில் வந்து நிற்கிறது" என்றாள் அந்தப் பெண். "நீங்கள் எந்தச் சந்தியில் நிற்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறா."

அரை மணித்தியாலம் கழிந்தது. மார்க்கம் வீதியில் வெளிச்சம் பரவியது. 401 நெடுஞ்சாலைப் பக்கம் போகவேண்டிய சாம்பல் நிற வான் ஒன்று வேகத்தைக் குறைத்துக் கடைத்தொகுதிக்குள் திரும்பியது. கதவு திறந்தது. முதலில் லான் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இறங்குகிறவர்களை அவளோடு சேர்த்துக் கமலாம்பிகை எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. லான் கமலாம்பிகையின் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.