குளியல் தொட்டியில் பீரங்கிப் படகு

“மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்குது, பாருங்கோ தங்கச்சி. உந்தப் படகை ஓடவிட்டா—”

“ஓடவிட வேண்டாம் எண்டுதானே நானும்—”

“—பின்பக்கத்தாலை தாழும். ஈயக்கட்டி வைப்பமெண்டாலும் விடுறியளில்லை.”

“அவர் ஈயத்துக்குக் கட்டேல்லை நானா. பீரங்கிக்குக் கட்டினவர்.”

வோபர்ன் அப்பார்ட்மென்றின் குளியலறையில் அன்ரனெற்றும், அவள் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் கீழ்மாடி அன்ஸாரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் மிதந்தது அவளுடைய மனுசன் எட்வேட் அரைகுறையில் விட்டுவிட்டுச் செத்துப்போன நீராவிப் பீரங்கிப் படகு. முழ நீளம் வரும். விக்ரோறியா மகாராணி காலத்தில் அப்படித்தான் கட்டினார்களாம்: முன்மூக்கான அணியத்தில் ஒரேயொரு பெரிய பீரங்கி, அதைச் சுமக்க ஒரு சின்னப் படகு. குறி வைக்க வேண்டுமென்றால் படகையே திருப்ப வேண்டும். எட்வேட் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப்போன கதை. அவர் போனபிறகு, சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அந்தக் காதுக்கு வேலையே இல்லை.

சனிக்கிழமைகளில் அன்ஸார் அரத்தோடும் உலோகம் ஒட்டுகிற பற்றாசுக் கம்பியோடும் வருவார். கொதிகலனின் ஓட்டையை அடைப்பார், தேத்தண்ணி குடிப்பார், ஊர்ப்பட்ட கதை கதைப்பார். வேலை முடிந்தால் வரத்தும் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், அன்ரனெற் பித்தளைப் பீரங்கியை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு, அது தொலைந்துபோனதாகச் சொல்லியிருந்தாள்.

அன்ஸார் கையைத் துடைத்தார். மகன் றம்ஸி தூரத்து அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிவிட்டானாம். வருகிற வெள்ளிக்கிழமை எல்லாரும் அங்கே குடிபோகிறார்களாம்.

“எட்வேட்டின்ரை படகு ஓடுறதை ஒருக்காப் பாத்திட்டுப் போகலாமெண்டு நினைச்சன், தங்கச்சி.”

அவள் எழும்பிக் குசினிக்குள் அரிசி வாளியடிக்குப் போனாள். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள்.

அன்ஸார் பீரங்கியை வாங்கிக் கவிழ்த்தபோது அதன் வாயிலிருந்து ஒரு அரிசி விழுந்தது. அதை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். பீரங்கியை அதன் குழியில் இறக்கினார். படகு மூக்கைத் தாழ்த்திச் சமமாக நின்றது. கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிற் விளக்கைக் கொளுத்தினார். கனநேரம் சீறிவிட்டு, படகு தொட்டியின் நீளத்துக்கு ஒருதரம் ஓடிப் போய்க் குழாயடியில் முட்டிக்கொண்டு நின்றது.

மாஷா அல்லாஹ் என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, அன்ஸார் அரத்தைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார்.

“அஜக்ஸிலையிருந்து சனிக்கிழமையும் ரெயின் ஓடுதெல்லோ, நானா?”