சொல்லிவிட்டுச் செய்தது

ஆட்டப் பலகையில் கணவாயின் மேல் சிவப்பு வில்லையை வைத்தேன். ஆண்டு முழுவதும் நான் அதைத் தொட்டதே இல்லை.

"யாரு இதைத் தாண்டினாலும் என் படை மொத்தத்தையும் அவங்க மேல விடுவேன்," என்றேன்.

"கேக்கல," என்றான் சுன்வெய். "கொசு ஏதாவது பேசிச்சா?"

யீஷுவான் அக்கா சிரித்தாள். நான் மறுபடி சத்தமாகச் சொன்னேன். வில்லையை வைப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்ற மூவரும் கேட்டிருக்க வேண்டும். அதுதான் எங்கள் மேசையின் விதி.

அட்டைப் பெட்டியோடு வந்த விதிப் புத்தகத்தில் இது கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் யீஷுவான் அக்கா தோற்கும் நிலையில் இருந்தாள். மிச்சமிருந்த படையை எல்லாம் சுன்வெய் மேல் விட்டுத் தானும் அழிந்தாள். ஆட்டம் சும்மா இருந்த இன்னொருவருக்குப் போயிற்று. ஜெயிக்க முடியாதவள் எப்படி யார் ஜெயிப்பது என்று முடிவு செய்யலாம் என்று சுன்வெய் கத்தினான். என் படை, என் இஷ்டம் என்றாள் அவள். இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு கீழே இருக்கும் சூப் கடையின் பட்டியல் தாளுக்குப் பின்புறம் புது விதி எழுதினார்கள். தன்னையே அழித்துக்கொள்ளும் தாக்குதல் தப்பு. ஆனால் சிவப்பு வில்லை வைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தால் தப்பில்லை. அதன்பின் யாரும் குறை சொல்லக் கூடாது.

நாங்கள் எல்லோரும் தைவானின் ஷின்ச்சு நகரில் தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்ப்பவர்கள். எழுதி ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நம்புவோம். நான் கழிவுநீர் சோதிக்கும் வேதியியலாளர். நானும் நம்பினேன்.

அன்று ஆண்டின் கடைசி ஞாயிறு. ஆண்டு முழுவதும் எடுத்த புள்ளிகளில் யார் கடைசியோ அவர் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பெண் அப்போதே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மூவருக்கும் பயமில்லை, புள்ளிகள் போதுமானவை. எங்கள் நாலாவது ஆள் ஷிஹெங் அண்ணனுக்குத்தான் இந்த ஆட்டம் முக்கியம். நாலாவதாக வந்தால் வெளியே. மூன்றாவதாக வந்தாலே போதும், ஒரு வருடம் தப்பித்தார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலையில் முறை மாறி மாறி வேலை, நிறுவனத்தின் விடுதியில் தனி அறை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களைக் காலியாக வைத்துக்கொள்ள சக ஊழியர்களோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வருடப் பிறப்புக்கு முந்தைய இரவு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு சாப்பிடும்போது அவர்களுடைய வேலையை இவர் பார்ப்பார். பதிலுக்கு அவர்கள் ஞாயிறுகளைத் தருவார்கள். நாலு வருடமாக அப்படித்தான். இந்த முறையும் கையெழுத்துப் போட்டாயிற்று என்று ஆட்டம் தொடங்கும் முன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆட்டத்தில் பகடை இல்லை. ஒரு படைவீரனுக்கு ஒரு படைவீரன், இரண்டும் பலகையை விட்டுப் போகும். அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது மணி நேரத்தில் சுன்வெய் தெற்குப் பாலத்தை எடுத்தான். அதில் அவனுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஷிஹெங் அண்ணனின் வழி அடைபட்டது. அவரிடம் ஓர் ஊரும் எட்டு வீரர்களும் மிச்சம். என்னிடம் மூன்று ஊர், ஒன்பது வீரர்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம், மூன்று ஊர்களுக்குச் சமமான யீஷுவான் அக்காவின் துறைமுகம் காவலில்லாமல் கிடந்தது. அதைப் பிடித்தால் அவர் என்னை முந்துவார். நான் நாலாவது. எனக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

"பெய்ஷான்," என்றார். "நான் சும்மா தாண்டிப் போறேம்மா. உன் ஊர் எதையும் தொட மாட்டேன்."

"வில்லை இருக்குண்ணா."

"இருக்கு. நீ அதை சுன்வெய்க்காகத்தானே வச்சே?"

"யாரு தாண்டினாலும்னு சொன்னேன்."

"அப்படித்தான் சொல்லணும், அதான் சொன்னே." சிரித்தார். "உனக்கு இதுல நஷ்டம் இல்லையே. எனக்கு எப்படின்னு உனக்குத் தெரியும்."

தெரியும்.

"போங்க அண்ணா, தைரியமா போங்க," என்றான் சுன்வெய். "அவளாவது செய்யறதாவது. பஸ்ல காலை மிதிச்சா இவதான் மன்னிப்புக் கேப்பா."

"டேய், சும்மா இரு. புள்ளைய உசுப்பேத்தாத," என்றாள் அக்கா. ஆனால் அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷிஹெங் அண்ணன் இரண்டு பேரை ஊரில் காவலுக்கு விட்டார். ஆறு பேரைக் கணவாய்க்குள் நகர்த்தினார். வில்லையை விரலால் மெதுவாக ஓரம் தள்ளி வைத்தார், அதன்மேல் காய் ஏறிவிடாதபடி.

என் முறை வந்தது.

நான் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே யோசித்தேன். விட்டுவிட்டால் அவர் தப்பிப்பார். என் வார்த்தைக்கு அந்த மேசையில் இனி எடை இருக்காது. இதுவரை இருந்ததும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் எல்லை வழியாகத்தான் எல்லோரும் போய்வந்தார்கள்.

ஆறுக்கு ஆறு எடுத்தேன். மிச்சம் மூன்றைக் கொண்டு அவர் ஊருக்குள் போனேன். இரண்டுக்கு இரண்டு. அவருடைய நிறத்தில் ஒரு காய்கூடப் பலகையில் இல்லை. என்னிடம் ஒரே ஒரு வீரன், காவலில்லாத மூன்று ஊர்கள்.

பிறகு சுன்வெய் மேசையில் தட்டினான். "அடிப்பாவி! செஞ்சுட்டா!"

அடுத்த முறையில் யீஷுவான் அக்கா என் ஊர்களை எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது "சாரிடி" என்றாள். முதலில் அழிந்தவர் நாலாவது, எனவே நான் மூன்றாவது. இருபது நிமிடத்தில் சுன்வெய் ஜெயித்தான்.

"அண்ணா, விதிப்படிதான்," என்றான் அவன். "சொல்லிட்டுத்தான் செஞ்சா. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார் ஷிஹெங் அண்ணன்.

நாற்காலியை விடுபவர்தான் பெட்டியை அடுக்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம். அவர் காய்களை நிறம் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டார். மற்ற இருவரும் சூப் சொல்லக் கீழே போனார்கள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்திருந்தேன்.

என் மஞ்சள் காய்களை எண்ணும்போது நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவமில்லை, தெரிஞ்சுக்கத்தான்."

"கேளுங்கண்ணா."

"சுன்வெய் தாண்டியிருந்தா இதே மாதிரி செஞ்சிருப்பியா?"

அவனிடம் அப்போது இருபத்திரண்டு வீரர்கள். என் ஒன்பதையும் விட்டிருந்தால் அவனுக்குப் பதின்மூன்று மிஞ்சியிருக்கும். அவனுக்கு ஒரு கீறல், எனக்கு முடிவு. அப்படி ஒரு கணக்கை நான் செய்திருக்க மாட்டேன். ஏதாவது காரணம் சொல்லி வில்லையைத் திரும்ப எடுத்திருப்பேன், அவர்கள் சிரித்திருப்பார்கள். ஆறு பேர் மட்டும் வந்ததால், வந்தவரை முழுசாக முடிக்க முடியும் என்பதால்தான் என் கை நீண்டது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லண்ணா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மஞ்சள் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"அதையும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா," என்றார்.

பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மேல்சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜன்னலோரம் இருந்த பெண் எழுந்து வந்து அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். என்னைப் பார்த்து, எனக்கு வழிவிடுகிறவள்போல் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் இங்கதானே?" என்றாள். "நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் தள்ளியே ஆடறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கே உட்காருவேன் என்று சொன்னேன். இந்த முறை குரல் முதல் தடவையிலேயே கேட்டது.