மொர்வானுக்கு ஒரு துட்டி

மொர்வான் என்றொரு பிரெஞ்சுக்காரர். நாவல் எழுதிக்கொண்டிருந்தவர், திடீரென்று தேர்தலில் நின்று, மந்திரியாகி, மண்டையைப் போட்டார். அவர் வாழ்க்கையைத் தென்காசியில் உட்கார்ந்து தமிழில் எழுதுவானேன் என்று கேட்காதீர்கள், மந்திரமூர்த்தி எழுதிவிட்டார். வாசித்த ஒரே ஜீவன் மனைவி யோகலட்சுமி. ஊரில் இன்னும் ஒருத்தராவது வாசிக்க வேண்டும் என்று மனுசன் ஏங்கிப்போனார்.

புத்தக வெளியீடு வீட்டு மாடியில். கட்சிக்காரர் பேச்சிராஜை அழைத்தார்.

“குத்தாலத்துல சாரல் அடிக்கி. விருந்தாளுக வந்திருக்காக. புஸ்தகத்துக்கெல்லாம் நேரம் எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்று பேச்சிராஜ் கையை விரித்துவிட்டார்.

சரி, ஃபிளெக்ஸாவது வைப்போம் என்று பிரின்ஸ் கடைக்குப் போய், மொர்வானின் கறுப்பு வெள்ளைப் படத்தையும், பிறந்த வருசம், இறந்த வருசத்தையும் கொடுத்தார். பிரின்ஸைக் குறை சொல்ல முடியாது. வருசம் இரண்டு இருந்தால் அதற்கென்று ஒரு டிசைன் தயாராக இருக்கிறது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘மந்திரமூர்த்தி குடும்பத்தார்’. ராவோடு ராவாக வாசலில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

விடிந்தால் தெருவே வாசலில் நிற்கிறது! செங்கோட்டைச் சொந்தமெல்லாம் மாலையோடு வந்து இறங்கியாச்சு. வருசத்தை எவன் வாசித்தான்? அந்த வீட்டில் யாரோ போய்விட்டார், அவ்வளவுதான். உலகம்மாள் மயினி யோகலட்சுமியைக் கட்டிக்கொண்டு, “ராசா கணக்கா இருந்த மனுசன இப்படிக் கொண்டுட்டுப் போயிட்டானே!” என்று ஒப்பாரி வைத்தாள்.

அருவியில் குளித்த தலை காயாமல் பேச்சிராஜும் வந்துவிட்டார். சாவுக்கு, துட்டிக்குப் போகாதவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

“எப்ப எடுக்குதாக?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“அவரு செத்து ஒரு தலைமுறை ஆச்சே” என்று சொல்ல வாயெடுத்த மந்திரமூர்த்தி, கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு பேர் அவர் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

“பிரான்சுலயே அடக்கம் பண்ணிட்டாக” என்று ஆரம்பித்தவர், மொர்வானின் பெருமையை எடுத்துவிட்டார் பாருங்கள், ஆம்பிளைகளே மூக்கைச் சிந்தினார்கள்.

பேச்சிராஜ் அசந்துபோனார். “என்னமா பேசுதீய அண்ணாச்சி! புஸ்தகத்தை மூட்டை கட்டிப் போட்டுட்டு வார்டுக்கு நில்லுங்க. சீட்டு நான் வாங்கித் தாரேன்.”

மந்திரமூர்த்தி யோசிக்கக்கூட இல்லை. “நிக்கேன்” என்றார்.

யோகலட்சுமி அவரை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். “ஏங்க, கைதட்டலுக்குப் பேனாவை வித்த பயன்னு அந்த மனுசனைக் கடைசி அத்தியாயம் பூரா ஏசியிருக்கீகளே?”

மந்திரமூர்த்தி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“உன்னைத் தவிர வேற யாரும் வாசிக்கலைல்லா?”