நட்டு அடைத்த இடம்

அம்முலு இடுப்பை நிமிர்த்தியபோது அவளைச் சுற்றி நாலு பக்கமும் நாற்று நின்றது. இடப்பக்கம் திலகா நட்டது, வலப்பக்கம் ஏஞ்சல் நட்டது, எதிரே அவளே காலையிலிருந்து நட்டது. முதுகுக்குப் பின்னால் திறந்திருந்த வழியையும் ஏஞ்சல் இப்போதுதான் குறுக்கே நட்டு மூடியிருந்தாள். நடவு, பின்னால் நகர்ந்துகொண்டே போகிற வேலை. ஒருத்தி பிந்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்குப் பின்னால் நட்டு உள்ளே அடைத்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற சேற்றை நட்டு முடிக்காமல் அவள் வெளியே வரக்கூடாது. நட்ட நாற்றை மிதித்து வருவது பெரிய குற்றம். புதிதாக நடவுக்கு வரும் பெண்களுக்குச் செய்கிற கேலி அது. வரிசையின் முதல் ஆளாக நின்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போன அம்முலுவை இதுவரை யாரும் அடைத்ததில்லை.

"இன்னாடி அம்முலு, கழனியிலயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்றாள் நடவாட்களின் தலைவி பவளம். வரிசை முழுக்கச் சிரித்தது. ஏஞ்சல் மட்டும் சிரிக்கவில்லை. அடைத்தவளே சிரிக்காதது அம்முலுவுக்குள் எங்கோ உறுத்தியது.

போன மழைக்காலத்தில்தான் இது ஆரம்பித்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காத உடம்பு. மற்றவர்களுக்கு வியர்க்கிற நேரத்தில் அவளுக்குக் குளிர் எடுத்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. யாரும் பார்க்காதபோது பச்சரிசியை அள்ளி மென்றாள். நடவுக் கழனியில் குனிந்தால் சேற்று வாசனைக்கு நாக்கு ஊறியது. ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. முகம் உப்பியதைப் பார்த்து, குந்திக்கினு தின்னா அப்படித்தான் இருக்கும் என்றான் புருஷன் வேதகிரி. டிராக்டர் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு அவளுடைய அசதி சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, ரத்தத்தில் இரும்புச்சத்து கம்மி, தைராய்டும் சரியாகச் சுரக்கவில்லை என்றார். இந்த அசதி, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமல் போனது, எல்லாவற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம், மாத்திரை போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்று சொல்லி, எப்படிப் போட வேண்டும் என்பதையும் வேகமாகச் சொன்னார். தன்னிடம் இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்ற நிம்மதியில் அம்முலு அங்கேயே அழுதாள். போடும் முறையைச் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல் போட்டாள். எதுவும் தெளியவில்லை. மகள் கீர்த்தி பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொன்னபோது, சிரிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சிரித்தாள். அப்படியானால் இது நோய் இல்லை. மருந்து கேட்காத ஒன்று நோயாக இருக்க முடியாது. கெட்டுப்போனது அவள்தான். இந்த முடிவுக்கு வந்த நாளிலிருந்து மனதில் ஒரு பயங்கரமான அமைதி வந்திருந்தது.

இன்று காலை டீ வந்தபோது அந்த அமைதிதான் அவளை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்குக் கூட்டிப்போனது. மழைக்குப் பிறகு தண்ணீர் மேலேறி நின்றது. துக்கம் எதுவும் இல்லை. படுத்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது. கீர்த்தியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள்; உள்ளே எதுவும் அசையவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பவளம் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது மறுபடியும் போவாள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இப்போது எல்லாரும் சாப்பிடக் கரையேறிப் புங்கமரத்தடிக்குப் போனார்கள். ஏஞ்சல் போகவில்லை.

"தொறந்து வுடு ஏஞ்சலு. கால் கழுவணும்."

"கெணத்தாண்டயா?"

அம்முலுவின் கையிலிருந்த நாற்றுமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காலைல பாத்தேங்கா. கால் கழுவ வந்தவ மாதிரி நீ நிக்கல. அதான் அடச்சேன். வேற இன்னா பண்றதுன்னு தெரியல எனக்கு."

கோபம் வந்தது அம்முலுவுக்கு. எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பில் சூடாக ஏதோ ஓடியது. "மாத்திர போட்டும் ஒண்ணும் ஆவல. அப்போ இது நோவு இல்ல. நாந்தான். உனக்கு இன்னாடி தெரியும்?"

"இன்னா மாத்திர?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு அட்டை வெள்ளை, தைராய்டுக்கு; ஒரு அட்டை சிவப்பு, இரும்புச்சத்துக்கு. வீட்டில் போட்டால் மாமியார், மாத்திரையிலேயே குடித்தனம் நடக்கிறது என்று குத்திக்காட்டுவாள். அதனால் முடிந்துகொண்டு வந்து, வரப்பில் வருகிற முதல் டீயில் இரண்டையும் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிவிடுவாள். வேலையில்லாத நாளில் தெருமுனை டீக்கடையில். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஏஞ்சலின் முகம் மாறியது.

"ரெண்டும் ஒண்ணாவா? டீயிலயா?" என்றாள். "எங்கம்மாவும் இந்த வெள்ளதான் போடுது. காலைல வெறும் வயித்துல, வெறும் தண்ணில போட்டுட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ கூட குடிக்கக்கூடாது. செவப்ப அதோட சேக்கவே கூடாது, மத்தியானத்துக்கு மேலதான். அதுவும் டீயில கூடாது. எங்கம்மாவும் இப்டித்தான் முழுங்கிக்கினு இருந்திச்சி, டாக்டரம்மாவாண்ட திட்டு வாங்கிச்சி. நீ போட்ட மாத்திர ஒடம்புல சரியா ஒட்டியே இருக்காதுக்கா."

அம்முலுவுக்கு நிம்மதி வரவில்லை. இரண்டு மாதம் கழிந்தும் இன்னும் தொடங்கின இடத்திலேயே நிற்பதுதான் தெரிந்தது. இனி சரியாகப் போட்டாலும் தெளிய நாளாகும். ஒருவேளை தெளியாமலே போனால்?

"அது வரிக்கும்?" என்றாள்.

ஏஞ்சல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தான் நட்ட நாற்றை மிதித்து உள்ளே வந்தாள். புங்கமரத்தடியிலிருந்து பவளம் எழுந்து நின்றாள். "எவடி அது, நட்டத மெதிக்கறவ? கண்ணு அவிஞ்சிப் போச்சா?"

"இன்னிக்கி ராவிக்கு எங்க வூட்ல படு," என்றாள் ஏஞ்சல், அந்தப் பக்கம் திரும்பாமலே. "காலைல ஆஸ்பத்திரிக்கி போலாம். மாத்திரைய மட்டும் இல்ல, கெணத்தையும் சொல்லணும் டாக்டராண்ட. நான் கூட நிக்கறேன். சொல்லவேண்டியது நீ."

அம்முலு கையிலிருந்த நாற்றுமுடியைப் பிரித்தாள். பாதி ஏஞ்சலின் கைக்குப் போனது. ஏஞ்சல் வந்த வழியில் நாற்று சேற்றோடு அமுங்கிக் கிடந்தது. அந்த இடைவெளிக்கு நேர் எதிரே மோட்டார் கொட்டகையின் தகரம் வெயிலில் மின்னியது. அம்முலு அதைப் பார்த்தாள். ஏஞ்சலும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து அந்த இடைவெளியிலேயே போய் நின்றுகொண்டாள். தகரம் மறைந்தது. ஏஞ்சலின் காலடியில் கலங்கிய தண்ணீரில், அமுங்கிய நாற்று ஒன்றின் நுனி மட்டும் மேலே வந்து ஆடிக்கொண்டிருந்தது.